புது எஞ்சின், பழைய இன்ஜெக்‌ஷன், முதல் இருபது நிமிடம்

பதினான்கு மாதமாகப் பிரித்துப் போட்டிருந்த எஞ்சின் போன ஞாயிற்றுக்கிழமை ஓடியது. முதல் முயற்சி அதற்கு முந்தின நாள். சனிக்கிழமை மாலை இரண்டே இரண்டு வினாடி ஓடிவிட்டு நின்றது. அந்த இரண்டு வினாடிக்கும் மறுநாள் காலைக்கும் நடுவில் கற்றுக்கொண்டதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. பழைய கார் எஞ்சினைக் கையிலெடுத்து முதன்முதலாக ஸ்டார்ட் செய்யப் போகிறவர்கள், அதிலும் பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் இல்லாமல், அழுத்தத்தில் பெட்ரோலைத் தூவும் இன்ஜெக்‌ஷன் உள்ள எஞ்சினை வைத்திருப்பவர்கள், இதைப் படித்தால் ஒரு மாலைப் பொழுதாவது மிச்சமாகும்.

கார் வால்வோ 1800ஈ. உள்ளே பி20ஈ எஞ்சின், 1986 சிசி, நாலு சிலிண்டர், வால்வுகளை நீளமான கம்பிகள் (புஷ் ராட்) தள்ளித் திறக்கும் பழைய பாணி. அதன் மேல் உட்கார்ந்திருப்பது பாஷ் கம்பெனியின் டி-ஜெட்ரானிக் என்ற மின்னணு இன்ஜெக்‌ஷன். 1967-ல் ஃபோக்ஸ்வாகன் 1600-ல் வந்த அதே குடும்பம்தான். 'டி' என்பது ட்ரூக், ஜெர்மனில் அழுத்தம் என்று அர்த்தம். எஞ்சின் எவ்வளவு காற்றை இழுக்கிறது என்பதை இது நேராக அளப்பதில்லை, காற்று உள்ளே போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டில் இருக்கும் அழுத்தத்தை வைத்துக் கணக்குப் போடுகிறது. இதைக் கட்டுப்படுத்தும் ஈசியூ பெட்டியைத் திறந்தால் மைக்ரோபிராசசர் எதுவும் கிடையாது, தனித்தனி டிரான்சிஸ்டர்களும் ரெசிஸ்டர்களும்தான். அடிப்படை யோசனை அமெரிக்காவில் பெண்டிக்ஸ் கம்பெனி ஐம்பதுகளின் கடைசியில் செய்த எலெக்ட்ரோஜெக்டர். 1958-ல் கிறைஸ்லர் சில கார்களில் அதைப் பொருத்தினார்கள், அவற்றில் பெரும்பாலானவற்றைத் திரும்ப அழைத்து கார்புரேட்டர் மாட்டிக் கொடுத்தார்கள். அந்தக் காப்புரிமையை வாங்கி, நிஜமாகவே நம்பி ஓட்டக்கூடியதாக மாற்றியது பாஷ்.

இதைக் கழற்றி எறிந்துவிட்டு ஒரு ஜோடி கார்புரேட்டர் மாட்டு என்று சொல்லாத ஆளே இல்லை. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்த இன்ஜெக்‌ஷன் புரியாத மந்திரம் கிடையாது. ஒவ்வொரு பாகத்தையும் ஒரு மல்டிமீட்டரும் ஒரு பிரஷர் கேஜும் வைத்துத் தனித்தனியாகச் சோதிக்கலாம். எந்தச் சோதனை எதைக் காட்டுகிறது, எதைக் காட்டவில்லை என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நான் சறுக்கியதும் அந்த இடத்தில்தான்.

முதல் ஸ்டார்ட்டுக்கு ஏன் இவ்வளவு பயப்பட வேண்டும் என்று கேட்டால், காரணம் வால்வுகளைத் திறக்க வைக்கும் கேம் ஷாஃப்ட். கேமுக்கும் புஷ் ராடுக்கும் நடுவில் இருப்பவை டேப்பட்டுகள், இந்த எஞ்சினில் தட்டை வகை. பெயர்தான் தட்டை, அடிப்பாகம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு லேசாகக் குவிந்திருக்கும், கேமின் முகமும் ஒரு பக்கமாக லேசாகச் சரிந்திருக்கும். அதனால்தான் கேம் சுற்றும்போது டேப்பட்டும் தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறது, தேய்மானம் ஒரே இடத்தில் விழாமல் பரவுகிறது. புது கேமும் புது டேப்பட்டும் ஒன்றுக்கொன்று பழகுவது முதல் இருபது நிமிடத்தில். அந்த நேரத்தில் எஞ்சின் 2000 ஆர்பிஎம்முக்குப் பக்கத்தில் ஓட வேண்டும், ஏனென்றால் கேமுக்கு ஆயில் பெரும்பாலும் எஞ்சினின் முக்கியத் தண்டான கிராங்க் சுற்றும்போது தெறித்துத்தான் வருகிறது, ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஓடும்போது, அது போதாது. ஆக, ஸ்டார்ட் ஆனவுடன் நிறுத்த முடியாது, ஐட்லிங்கில் விட்டுவிட்டு இங்கே கசிகிறதா அங்கே கசிகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கவும் முடியாது. ஸ்டார்ட் ஆகாமல் ஸ்டார்டரை இழுத்துக்கொண்டே இருப்பது அதைவிட மோசம். கேமில் தடவி வைத்த பேஸ்ட் மெதுவாக வழித்துக்கொண்டு போகும், கூடவே பெட்ரோல் உள்ளே போய் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவும், பிஸ்டனைச் சுற்றியிருக்கும் புது ரிங்குகள் காய்ந்த சுவரில் உரசும்.

அதனால் நெருப்பே இல்லாமல் எதையெல்லாம் சோதிக்க முடியுமோ அதையெல்லாம் முதலில் முடித்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஆயிலில் ஆரம்பித்தேன். பி20-ல் ஒரு வசதி உண்டு. ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரை வெளியே எடுத்து, அதற்குக் கீழே இருக்கும் டிரைவ் கியரையும் மெதுவாகத் திருப்பி உருவிவிட்டால், ஆயில் பம்பின் தண்டு தெரியும். ஒரு நீளமான பழைய ஸ்குரூடிரைவரின் கைப்பிடியை வெட்டிவிட்டு டிரில்லில் மாட்டி அந்தத் தண்டைச் சுற்றலாம். டிஸ்ட்ரிபியூட்டர் இடஞ்சுழியாகச் சுற்றும், ஆகவே டிரில்லும் ரிவர்ஸில் இருக்க வேண்டும். முதலில் டிரில் லேசாகச் சுற்றிக்கொண்டே இருந்தது, கிட்டத்தட்ட நாற்பது வினாடி. திடீரென்று கையில் பாரம் ஏறியது. ஆயில் பிரஷர் ஊசி எழுந்து 4 பாரைத் தொட்டது. என் மகள் கிராங்க் புல்லியில் ஸ்பேனரைப் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே இருந்தாள், ஒவ்வொரு வழியிலும் ஆயில் போகட்டும் என்று. வால்வ் கவரைத் திறந்துதான் வைத்திருந்தோம். வால்வை அழுத்தும் ராக்கர் ஒவ்வொன்றிலும் ஆயில் கசிந்து வழிவதைப் பார்த்த பிறகுதான் டிரில்லை வைத்தேன். அப்படியே கிராங்கை இன்னும் சில சுற்று திருப்பச் சொல்லி புஷ் ராடுகளையும் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்திருந்தோம். எட்டும் மெதுவாகச் சுற்றின. சுற்றாத புஷ் ராடுக்குக் கீழே இருக்கும் டேப்பட் சீக்கிரம் போய்விடும், ஆகவே இதைப் பார்க்காமல் யாரும் கவரை மூடாதீர்கள்.

ஆயிலைப் பற்றி ஒரு வார்த்தை. இன்றைய கார்களுக்கான மெல்லிய ஆயில்களில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் காப்பாற்றுவதற்காகப் பாஸ்பரஸ் அளவை 800 பிபிஎம் வரை என்று கட்டுப்படுத்திவிட்டார்கள். தட்டை டேப்பட்டைக் காப்பாற்றும் ஜிங்க் கலவையும் அந்தப் பாஸ்பரஸோடு சேர்ந்துதான் வருகிறது, ஆகவே அதுவும் குறைந்துபோனது. புது கேமுக்கு ஜிங்க் அதிகமுள்ள பிரேக்-இன் ஆயில்தான் போட வேண்டும். சிந்தெடிக் இப்போதைக்கு வேண்டாம்.

டிரைவ் கியரைத் திரும்பப் போடும்போது அவசரப்படக் கூடாது. முதல் சிலிண்டர் கம்ப்ரெஷனில் மேலே வந்து நிற்க வேண்டும், கியரின் பள்ளம் மேனுவலில் காட்டியிருக்கும் கோணத்தில் உட்கார வேண்டும். பற்கள் சாய்வாக இருப்பதால் உள்ளே இறங்கும்போதே அது சுற்றிக்கொண்டு போகும், நானே மூன்று தடவை எடுத்து எடுத்துப் போட்டேன். கார்புரேட்டர் காரில் கியர் 180 டிகிரி மாறி உட்கார்ந்தால்கூட பிளக் வயர்களை இடம் மாற்றிச் சமாளித்துவிடலாம். இதில் அது சரிப்படாது. இன்ஜெக்டர்களுக்கு எப்போது திறக்க வேண்டும் என்று சொல்லும் டிரிகர் காண்டாக்டுகளும் அதே டிஸ்ட்ரிபியூட்டரின் அடியில்தான் இருக்கின்றன, நீங்கள் வயரை மாற்றினாலும் அது மாறாது. கியர் சரியாக உட்கார்ந்ததும், சின்ன பல்ப் ஒன்றை வைத்து டைமிங்கை, அதாவது பிளக்கில் பொறி விழும் நேரத்தை, 10 டிகிரிக்கு நிறுத்தினேன்.

அடுத்தது பெட்ரோல். டேங்க்கைக் கழுவி, புது ஃபில்டர் போட்டு, இன்ஜெக்‌ஷன் அழுத்தத்தைத் தாங்கும் புது ஹோஸ்களை எல்லா இடத்திலும் மாட்டியிருந்தேன். சாவியைத் திருப்பினால் பம்ப் ஒரு வினாடிக்குச் சற்று அதிகமாக ஓடிவிட்டு நின்றுவிடும், எஞ்சின் சுற்றினால்தான் மறுபடி ஓடும். அது பாதுகாப்புக்காக. சோதிப்பதற்கு ரிலேவின் இடத்தில் ஒரு வயரைப் போட்டு பம்பைத் தொடர்ந்து ஓட விட்டேன். கேஜ் 2 பாரில் நின்றது. டார்ச்சை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மூட்டாகப் போனேன், நாலாவது இன்ஜெக்டரின் ஹோஸ் ஈரமாக இருந்தது. கிளாம்ப் அரைச் சுற்று குறைவு, அவ்வளவுதான். ஆனால் இந்த எஞ்சினில் இன்டேக்கும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன, பெட்ரோல் சொட்டினால் நேராக எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேல்தான் விழும். இருபது நிமிடம் 2000-ல் ஓடிச் சூடேறிய இரும்பின் மேல் அந்தச் சொட்டு விழுவதை நினைத்துப் பாருங்கள். தீயணைப்பான் இல்லாமல் இந்த வேலையைச் செய்யாதீர்கள். காருக்குள்ளே சீட்டுக்கு அடியில் இருந்தால் போதாது, கை எட்டும் தூரத்தில், யார் எடுப்பது என்று முன்னாலேயே பேசி வைத்திருக்க வேண்டும்.

அப்புறம் மின்சாரம். இங்கேதான் மல்டிமீட்டரோடு ஒரு முழு நாள் போனது. ஐம்பது வருட வயரிங், இன்சுலேஷன் விறைத்துப்போய் வளைத்தால் நொறுங்குகிறது. கெட்டுப்போன பகுதிகளை மாற்றிவிட்டு ஒவ்வொரு சென்சாரையும் ஈசியூ பிளக்கின் முனையிலிருந்தே அளந்தேன். சென்சாரின் மேலேயே மீட்டரை வைத்தால் சென்சார் நல்லது என்று மட்டும்தான் தெரியும். கூலன்ட் வெப்பநிலை சென்சாரே இதற்கு நல்ல உதாரணம். சென்சாரில் நேராக அளந்தால் 2,100 ஓம், அன்றைக்கு இருந்த வெப்பத்துக்குச் சரியான அளவு. ஈசியூ முனையில் அளந்தால் 5,800. நடுவில் ஒரு கனெக்டர் பச்சை பிடித்துக் கிடந்தது. 5,800 ஓம் என்றால் ஈசியூவைப் பொறுத்தவரை எஞ்சின் கிட்டத்தட்ட உறைநிலையில் இருக்கிறது, ஆகவே அது பெட்ரோலை அள்ளி ஊற்றும், நான் எதைத் தவிர்க்க வேண்டும் என்று இத்தனை பாடுபட்டேனோ அதுவே நடக்கும். கனெக்டரைச் சுத்தம் செய்ததும் இரண்டு அளவும் ஒன்றாகிவிட்டது. மேனிஃபோல்ட் அழுத்த சென்சார் வெற்றிடத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது, நல்லது. இன்ஜெக்டர் ஒவ்வொன்றும் 2.4 ஓம். இவற்றுக்கு நேராகப் பேட்டரியின் 12 வோல்ட்டைக் கொடுத்துப் பார்க்காதீர்கள், காயில் எரிந்துவிடும்.

டி-ஜெட்ரானிக்கில் எனக்குப் பிடித்த சோதனை ஒன்று இருக்கிறது. எஞ்சினை ஓடவிடாமல் சாவியை மட்டும் ஆன் செய்துவிட்டு, ஆக்சிலரேட்டரை மெதுவாக அழுத்தினால் இன்ஜெக்டர்கள் டிக் டிக் என்று அடிக்கும். காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டிலின் சுவிட்சில் சீப்புப் பற்கள் மாதிரி ஒரு தடம் இருக்கிறது, மிதிக்கும்போது கூடுதல் பெட்ரோல் கொடுப்பதற்காக. அந்தச் சத்தம் கேட்டால் ஈசியூ உயிரோடு இருக்கிறது, இன்ஜெக்டர் வயரிங் சரி, இன்ஜெக்டர்கள் திறந்து மூடுகின்றன என்று அர்த்தம். பம்ப் ஃபியூஸைக் கழற்றி, லைனில் இருக்கும் அழுத்தத்தையும் இறக்கிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு டிக்குக்கும் கொஞ்சம் பெட்ரோல் உள்ளே இறங்கும். நாலு இன்ஜெக்டரிலும் கைவிரலை வைத்து உணர்ந்து பார்த்தேன். எல்லாம் அடித்தன. இன்ஜெக்‌ஷன் முழுவதும் சரி என்று அந்த இடத்தில் முடிவுக்கு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை மாலை. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, இக்னிஷன் காயிலையும் ஈசியூவையும் கோல்ட் ஸ்டார்ட் வால்வையும் பிரித்துவிட்டு, ஸ்டார்டரால் ஒரு தடவை சுற்றி ஆயில் பிரஷர் வருவதைப் பார்த்துக்கொண்டேன். எல்லாவற்றையும் திரும்ப மாட்டினேன். மகள் சாவியிடம், நான் த்ராட்டில் லிங்கேஜிடம். அவள் வேலை ஆயில் பிரஷர் ஊசியைத் தவிர வேறு எதையும் பார்க்காமல் இருப்பது.

"போடவாப்பா?"

"போடும்மா. அஞ்சு எண்ணுறதுக்குள்ள பிடிக்கலன்னா விட்டுடு."

மூன்றிலேயே பிடித்துவிட்டது. அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது, பதினான்கு மாதமாகப் பெட்டி பெட்டியாக அலமாரியில் இருந்த இரும்பெல்லாம் ஒரே குரலில் பேசிய மாதிரி இருந்தது. அவள் சாவியை விட்டாள். எஞ்சின் ஒரு சுற்று தயங்கியது, இருமியது, நின்றுவிட்டது.

இன்னொரு தடவை போடலாம் என்றுதான் கை பரபரத்தது. போடவில்லை. இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: அந்த நேரத்தில் சாவியை வெளியே எடுத்து சட்டைப் பையில் போட்டுவிடுங்கள். "அப்பா, ஸ்டார்ட்டர் ஓடினவரைக்கும்தான் ஓடிச்சு, கையை எடுத்ததும் செத்துப் போச்சு" என்று மகள் சொன்னாள். அதைக் கேட்டதும் எனக்கு உறைத்தது. ஸ்டார்ட்டர் ஓடும்போது மட்டும் பெட்ரோல் கொடுப்பது எது? கோல்ட் ஸ்டார்ட் வால்வ். எஞ்சின் குளிராக இருக்கும்போது, ஸ்டார்ட்டர் சுற்றுகிற நேரத்தில் மட்டும், மேனிஃபோல்டுக்குள் தனியாகத் தூவும் ஐந்தாவது இன்ஜெக்டர் அது. ஆக, எஞ்சின் ஓடியது முழுக்க அதன் பெட்ரோலில். மற்ற நாலும் வாயைத் திறக்கவே இல்லை.

ஆனால் நாலும் டிக் டிக் என்று அடித்தனவே? அரை மணி நேரம் அதை யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். த்ராட்டில் சோதனையில் சைகை வருவது த்ராட்டில் சுவிட்சிலிருந்து. ஓடும் எஞ்சினில் சைகை வருவது டிஸ்ட்ரிபியூட்டருக்கு அடியில் இருக்கும் இரண்டு டிரிகர் காண்டாக்டுகளிலிருந்து. ஈசியூவுக்குள் போன பிறகுதான் இரண்டும் ஒரே பாதை. நான் ஒரு வாசலைத் தட்டிப் பார்த்துவிட்டு இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது என்று நம்பிவிட்டேன். பிளக்குகளைக் கழற்றி, காயிலையும் கோல்ட் ஸ்டார்ட் வால்வையும் பிரித்துவிட்டு, இன்ஜெக்டர் பிளக்கில் சின்ன பல்ப் ஒன்றைச் செருகி ஸ்டார்டரைச் சுற்றினேன். பல்ப் மினுக்கவில்லை. டிரிகர் பிளக்கை உருவிப் பார்த்தேன். மூன்று பின், நடுப்பின் பின்னால் தள்ளிக்கொண்டு உள்ளே போயிருந்தது. இரண்டு காண்டாக்டுகளுக்கும் பொதுவானது அந்த நடுப்பின்தான், அது தொடாவிட்டால் இரண்டு ஜோடி இன்ஜெக்டர்களும் சேர்ந்தே செத்துவிடும். ஆயிலுக்காக டிஸ்ட்ரிபியூட்டரை வெளியே எடுத்துத் திரும்ப மாட்டினேன் அல்லவா, அப்போது பிளக்கை அழுத்தியதில் பின் விலகியிருக்கிறது. சென்சார்களை எல்லாம் அளந்தபோது இந்த டிரிகரை மட்டும் அளக்கவில்லை.

பின்னை வெளியே இழுத்து அதன் பூட்டை நிமிர்த்தி உட்கார வைத்தேன். ஈசியூ முனையில் மீட்டரை வைத்துக்கொண்டு கிராங்கைக் கையால் திருப்பினேன், ஒரு காண்டாக்ட் மூடும்போது மற்றது திறக்கிறது, மாறி மாறி. இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும், டிஸ்ட்ரிபியூட்டரைத் திரும்ப மாட்டிய பிறகு. பிளக்குகள் நாலும் லேசாக ஈரம். இரவெல்லாம் அப்படியே திறந்து வைத்துவிட்டு, காலையில் ஒவ்வொரு துளையிலும் சில சொட்டு ஆயில் விட்டு, டிஸ்ட்ரிபியூட்டரைத் தொடாமல் ஸ்டார்டராலேயே சுற்றி மறுபடி பிரஷரை வரவழைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு எண்ணுக்குள் பிடித்தது. சாவியை விட்டாள், ஓடியது. த்ராட்டிலை 2000-க்கு ஏற்றினேன். "நாலரை! நாலரைல நிக்குதுப்பா!" என்று உள்ளேயிருந்து கத்தினாள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன்.

அந்த இருபது நிமிடம் நீளமானது. ஒரே வேகத்தில் வைக்கக் கூடாது, 1800-க்கும் 2500-க்கும் நடுவில் மெதுவாக ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும், தெறிக்கும் ஆயில் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரட்டும் என்று. மூன்றாவது நிமிடத்தில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து நன்றாகவே புகை. கை பட்ட ஆயிலும் கிரீஸும் எரிகிறது, இது வரும் என்று தெரியும், ஆனாலும் மூக்கை வைத்துப் பார்த்தேன், பெட்ரோல் வாசனையா என்று. இல்லை. ஏழாவது நிமிடத்தில் வெப்பநிலை ஊசி நடுவைத் தாண்டி ஏறத் தொடங்கியது. ரேடியேட்டரின் மேல் ஹோஸ் இன்னும் குளிராக இருந்தது. தெர்மோஸ்டாட் திறக்கவில்லையா, காற்று அடைத்திருக்கிறதா? ஹீட்டர் வால்வை முன்கூட்டியே திறந்து வைத்திருந்தேன், முடிந்தவரை காற்றை வெளியேற்றியும் இருந்தேன். நிறுத்திவிடலாமா என்று கை சாவியை நோக்கிப் போகும் நேரத்தில் ஹோஸ் சட்டென்று சூடானது, ஊசி இறங்கி நடுவில் நின்றது. எஞ்சின் சூடாக ஆக, குளிராக இருக்கும்போது கூடுதல் காற்று விடும் துணைக் காற்று வால்வ் மெதுவாக மூடியதும் ஆர்பிஎம் தானாகக் குறைந்தது, அதற்கேற்ப த்ராட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க வேண்டியிருந்தது. ஹீட்டர் ஹோஸ் ஒன்றில் கூலன்ட் சொட்டியது. சொட்டட்டும் என்று விட்டுவிட்டேன். பெட்ரோல் கசிவுக்கும் ஆயில் பிரஷருக்கும் அதிகச் சூட்டுக்கும் மட்டும்தான் நிறுத்துவது என்று முன்னாலேயே பேசியிருந்தோம்.

இருபத்திரண்டாவது நிமிடத்தில் ஐட்லிங்குக்கு இறக்கினேன். 900-ல் நின்றது, லேசான குலுக்கலோடு. ஈசியூவின் பக்கத்தில் ஐட்லிங் கலவைக்கு ஒரு சின்னக் குமிழ் இருக்கிறது, இரண்டு கிளிக் திருப்பியதும் குலுக்கல் அடங்கியது. டைமிங் லைட்டை வைத்துப் பார்த்துவிட்டு அணைத்தேன். கேரேஜுக்குள் அத்தனை அமைதி. மகள் ஸ்டியரிங்கின் மேல் தலையை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆயிலைச் சூடாக இருக்கும்போதே வடித்தேன். சாம்பல் நிறம், கேமில் தடவிய மாலிப்டினம் பேஸ்ட். ஆயில் ஃபில்டரை வெட்டித் திறந்து, காகித மடிப்புகளை விரித்து வெயிலில் பிடித்துப் பார்த்தோம். காந்தத்தில் மையைப் போல மெல்லிய படலம், மினுமினுக்கும் துகள் எதுவும் இல்லை. கேம் தேய்ந்திருந்தால் அதில் ஊசி ஊசியாகத் தெரிந்திருக்கும். எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு ஹெட் போல்ட்டுகளை மறுபடி டார்க் வைத்து இறுக்கினேன், வால்வ் இடைவெளிகளையும் பார்த்தேன். மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் மட்டும் குறைந்திருந்தது, சரி செய்தாயிற்று. அந்த ஒன்றை மட்டும் குறித்து வைத்திருக்கிறேன். அடுத்த தடவையும் அதே வால்வில் மாறியிருந்தால் காரணத்தைத் தேட வேண்டும்.

இர்வ் கார்டன் என்ற அமெரிக்கர் இதே குடும்பத்து 1966 வால்வோ 1800எஸ் காரை 2013-ல் 30 லட்சம் மைல் வரை ஓட்டினார், கிலோமீட்டரில் 48 லட்சத்துக்கும் மேல். அவருடையது கார்புரேட்டர் கார், ஆனால் கீழே இருப்பது இதே புஷ் ராட் எஞ்சின் வகை. அந்த எண்ணை கேரேஜ் சுவரில் எழுதி வைத்திருக்கிறேன்.

இனி ரிங்குகளின் முறை. ஐட்லிங்கில் விட்டுவைத்தால் அவை உட்காராது. எரியும் வாயு ரிங்குக்குப் பின்னால் புகுந்து அதைச் சுவரோடு அழுத்த வேண்டும், அதற்கு எஞ்சினுக்குப் பாரம் வேண்டும். மூன்றாவது கியரில் 50-லிருந்து 80 வரை நன்றாக மிதித்து, பிறகு காலை எடுத்துத் தானாக இறங்கவிட்டு, மறுபடி. பத்துப் பன்னிரண்டு தடவை. ஹீட்டர் ஹோஸை இன்று மாற்றிவிட்டேன், டயர் காற்றழுத்தம் பார்த்தாயிற்று, டிரிகர் பிளக்கை இன்னொரு தடவை அழுத்தாமல் இழுத்துப் பார்த்தேன், பின் இடத்தில் இருக்கிறது. வரும் ஞாயிறு விடியற்காலையில், சாலை காலியாக இருக்கும்போது கிளம்புகிறோம். முதலில் ஓட்டப்போவது மகள்தான், அன்று சாவியை விட்டவள் அவள்தானே.